நாகர்கோவிலில் பில்ட், குலசேகரத்தில் ஓட்டம்: கிராஸ் கம்பைலுக்கு லிங்கரை அமைப்பது எப்படி

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் புகை போடும் அறை ஒன்றில் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். உள்ளே ராஸ்பெர்ரி பை 4 என்ற கையகலக் கம்ப்யூட்டர். அறையின் சூட்டை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதிவைக்கும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் தோட்டக்காரரின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். அதில் ஓடும் சி++ புரோகிராமை எழுதுவதும் பில்ட் செய்வதும் நாகர்கோவிலில், வடசேரியில் என் வீட்டு லேப்டாப்பில்.

பெட்டியிலேயே கம்பைல் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். சின்ன புரோகிராம் என்றால் செய்யலாம். எங்கள் பெட்டியில் மெமரி 1 ஜிபிதான். கனமான சி++ ஃபைல் இரண்டு ஒன்றாகக் கம்பைல் ஆனால் மெமரி தீர்ந்து நின்றுவிடும். மழை நாளில் குலசேகரம் பக்கம் கரண்ட் போனால் பாதி பில்டும் போச்சு. அதனால் லேப்டாப்பில் பில்ட் செய்து, முடிந்த ஃபைலை மட்டும் பெட்டிக்கு அனுப்புகிறோம். லேப்டாப்பின் பிராசசர் இன்டெல் வகை, பெட்டியுடையது ஏஆர்எம் வகை. ஒன்றில் உட்கார்ந்து மற்றதற்கு பில்ட் செய்யும் கிராஸ் கம்பைல் என்பது இதுதான். இதில் கம்பைலர் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஆளைப் படுத்துவது லிங்கர்.

படிக்குமுன் ஒன்று: கட்டளைகளையும் ஃபிளாக்குகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

லிங்கர் என்ன தேடுகிறது

குளச்சலில் நிற்கும் படகுக்கு நாகர்கோவில் பட்டறையில் ஒரு ஷாஃப்ட் கடைகிறார்கள் என்று வையுங்கள். அளவெடுக்க வேண்டியது படகில். பட்டறையின் லேத்துக்குப் பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இங்கேயும் அப்படித்தான். கம்பைலரும் லிங்கரும் ஓடுவது லேப்டாப்பில். அவை பார்க்க வேண்டிய ஹெடர், லைப்ரரி எல்லாம் பெட்டியினுடையவை.

கம்பைலர் ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் தனித்தனி ஆப்ஜெக்ட் ஃபைலாக்கும். "இந்த ஃபங்ஷன் வேறெங்கோ இருக்கிறது" என்று அதில் இடம் விட்டு வைத்திருக்கும். அந்த இடங்களை லைப்ரரிகளில் தேடி நிரப்புவது லிங்கர். தேடும் இடம் தவறினால் எல்லாம் தவறும். புதியவர்கள் என்னிடம் கொண்டுவரும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான்: லிங்கர் எங்கோ ஓரிடத்தில் லேப்டாப்பின் லைப்ரரியை எட்டிப் பார்த்துவிட்டது. ஆகவே ஃபிளாக் மனப்பாடம் செய்வதற்கு முன்னால், லிங்கர் எங்கே பார்க்கிறது என்பதை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்ட் உள்ள பழைய பாக்கேஜ்களில் 'பில்ட்' என்றால் உங்கள் லேப்டாப், 'ஹோஸ்ட்' என்றால் புரோகிராம் ஓடப்போகும் பெட்டி. அங்கே 'டார்கெட்' என்பது கம்பைலர் மாதிரியான கருவிகளையே பில்ட் செய்கிறவர்களுக்கு மட்டும் தேவை. நாம் பேச்சில் பெட்டியை 'டார்கெட்' என்கிறோம். அந்தப் பழக்கத்தில் '--டார்கெட்' கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் லேப்டாப்புக்கான ஃபைல்தான் வரும். கொடுக்க வேண்டியது '--ஹோஸ்ட்'.

முதலில் பெட்டியை விசாரியுங்கள்

பெட்டிக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் மூன்று கட்டளை ஓட்டுங்கள். 'யூநேம் -எம்' கெர்னலின் வகையைச் சொல்லும். 'டிபிகேஜி --பிரிண்ட்-ஆர்க்கிடெக்சர்' அதில் போட்டிருக்கும் பாக்கேஜ்களின் வகையைச் சொல்லும். 'எல்டிடி --வெர்ஷன்' முதல் வரியில் ஜிலிப்சி, அதாவது அடிப்படை சி லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று காட்டும்.

முதல் இரண்டும் ஒன்றையே சொல்லும் என்று நினைக்காதீர்கள். ராஸ்பெர்ரி பை 4-இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் கெர்னல் 64 பிட்டாக இருக்கலாம். 'யூநேம்' 'ஏஆர்ச்64' என்னும். பாக்கேஜ் எல்லாம் 'ஏஆர்எம்எச்எஃப்', அதாவது 32 பிட். லிங்கருக்கு வேண்டியது இரண்டாவது பதில்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவன், குளச்சல்காரன், ஒருநாள் சாயங்காலம் லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, ஃபைலு கண்ணு முன்னால கெடக்கு. ஓட்டினா அப்படி ஒரு ஃபைலே இல்லேங்குது. பின்னே நான் பாக்கது என்ன?"

வாங்கிப் பார்த்தேன். 'எல்எஸ்' போட்டால் ஃபைல் இருக்கிறது. ஓட்டும் அனுமதியும் இருக்கிறது. "ரீட்எல்ஃப் -எல் போடு மக்கா" என்றேன். வந்த பட்டியலின் நடுவே 'இன்டர்ப்ரிட்டர்' என்று ஒரு வரி. அதில் '/லிப்/எல்டி-லினக்ஸ்-ஏஆர்எம்எச்எஃப்.எஸ்ஓ.3' என்று இருந்தது. விஷயம் அவ்வளவுதான். அவன் பெட்டியில் இருந்தது 64 பிட் ஓஎஸ். பில்ட் செய்தது 32 பிட் டூல்செயினில், அதாவது 32 பிட்டுக்கான கம்பைலர், லிங்கர் தொகுப்பில். 'இல்லை' என்று கெர்னல் சொன்னது அவனுடைய ஃபைலை அல்ல, அதை எழுப்பிவிட வேண்டிய அந்த லோடரை. 64 பிட் டெபியனில் லோடரின் பெயர் '/லிப்/எல்டி-லினக்ஸ்-ஏஆர்ச்64.எஸ்ஓ.1'. கண்ணெதிரே இருக்கும் ஃபைலை இல்லை என்று பெட்டி சொன்னால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

டூல்செயின் தேர்வு

ஜிலிப்சி விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. பழைய ஜிலிப்சியோடு லிங்க் ஆன புரோகிராம் புதியதில் ஓடும். புதியதோடு லிங்க் ஆனது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது.

உபுண்டு 24.04-இல் இருப்பது 2.39. டெபியன் 12-இலும், அதன்மேல் கட்டிய ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸிலும் இருப்பது 2.36. என் லேப்டாப் உபுண்டு, பெட்டி டெபியன் 12 வகை. முதல்முறை உபுண்டுவின் கிராஸ் டூல்செயினை அப்படியே போட்டு பில்ட் செய்து, தக்கலை வழியாக பஸ் பிடித்துக் குலசேகரம் போய், புகை நெடியில் நின்றுகொண்டு ஓட்டினேன். 'ஜிலிப்சி_2.38 நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. நான் புதிய ஃபங்ஷன் எதையும் கூப்பிடவில்லை. சென்சார் தந்த எழுத்தை எண்ணாக்க ஒரு 'எஸ்டிஆர்டுஎல்', அவ்வளவே. வீட்டுக்கு வந்து துருவிய பிறகுதான் புரிந்தது. ஜிலிப்சி 2.38 முதல் வரும் ஹெடர்கள் சி++ கோடில் வரும் 'எஸ்டிஆர்டுஎல்' அழைப்பைச் சத்தமில்லாமல் '__ஐசோசி23_எஸ்டிஆர்டுஎல்' என்ற புதுப் பெயருக்குத் திருப்பிவிடுகின்றன. அந்தப் பெயர் 2.36-இல் கிடையாது.

'அப்படியானால் பெட்டியின் லைப்ரரிகளை நகலெடுத்து, லிங்கர் தேட வேண்டிய ஃபோல்டராக, அதாவது சிஸ்ரூட்டாகக் கொடுத்துவிடலாமே' என்று தோன்றும். கொடுக்கத்தான் போகிறோம். ஆனால் உபுண்டு, டெபியன் பாக்கேஜாக வரும் கிராஸ் ஜிசிசி, அதாவது பெட்டிக்காக பில்ட் செய்யும் ஜிசிசி கம்பைலர், தனக்கென்று ஒரு சி லைப்ரரியை '/யூஎஸ்ஆர்/ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு' ஃபோல்டரில் கொண்டுவருகிறது. '--சிஸ்ரூட்' கொடுத்தாலும் அந்த ஃபோல்டரைப் பார்ப்பதை அது விடுவதில்லை. ஆகவே அந்தச் சொந்த லைப்ரரியே பெட்டியுடையதைவிடப் புதியதாக இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

நான் செய்வது இது. லேப்டாப்பில் டாக்கர் போட்டு, டெபியன் 12 கன்டெய்னர் ஒன்றை, அதாவது லேப்டாப்புக்குள் தனியாக ஓடும் ஒரு டெபியன் சூழலைத் திறந்து, உள்ளே 'கிராஸ்பில்ட்-எசென்ஷியல்-ஏஆர்எம்64' பாக்கேஜை நிறுவுகிறேன். ஜிலிப்சி இரண்டு பக்கமும் 2.36 ஆகிவிடும். உங்களுக்கு வேண்டிய லைப்ரரி எல்லாம் டெபியனிலேயே கிடைப்பவை என்றால் சிஸ்ரூட்கூட வேண்டாம். கன்டெய்னருக்குள் 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஏஆர்எம்64' கொடுத்து, 'ஏபிடி அப்டேட்' செய்து, லைப்ரரியின் '-டெவ்' பாக்கேஜ் பெயருக்குப் பின்னால் ':ஏஆர்எம்64' சேர்த்து நிறுவினால் போதும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

பழைய பை 1, அல்லது முதல் பை ஜீரோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றின் பிராசசர் ஏஆர்எம்வி6. டெபியனின் 'ஏஆர்எம்எச்எஃப்' ஏஆர்எம்வி7-ஐ எதிர்பார்க்கிறது. பெயர் ஒன்றுதானே என்று அந்த டூல்செயினில் பில்ட் செய்தால், லிங்க் ஒழுங்காக முடியும், பெட்டியில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று செத்துவிழும். உங்கள் கோடுக்கு மட்டும் ஏஆர்எம்வி6 ஃபிளாக் கொடுத்தும் பயனில்லை. லிங்கர் உள்ளே சேர்க்கும் ஸ்டார்ட்அப் ஆப்ஜெக்டுகள் ஏஆர்எம்வி7-க்காகக் கம்பைல் ஆனவை. ஏஆர்எம்வி6-க்கென்றே கட்டிய டூல்செயின்தான் வேண்டும்.

சிஸ்ரூட் எடுப்பது

பெட்டியில் நீங்களே பில்ட் செய்து போட்ட லைப்ரரி இருந்தால் சிஸ்ரூட் தேவைப்படும். சிஸ்ரூட் என்பது பெட்டியின் ஃபைல் அமைப்பில் லிங்கருக்கு வேண்டிய பகுதியின் நகல். 'ஆர்சிங்க்' வைத்து '/யூஎஸ்ஆர்/லிப்', '/யூஎஸ்ஆர்/இன்க்ளூட்', '/யூஎஸ்ஆர்/லோக்கல்' மூன்றையும் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் அதே அடுக்கில் இறக்குங்கள். டெபியன் 12-இல் '/லிப்' என்பது 'யூஎஸ்ஆர்/லிப்'புக்கான இணைப்பு மட்டுமே. ஆகவே சிஸ்ரூட்டுக்குள்ளும் அதே இணைப்பை நீங்கள் உருவாக்க வேண்டும். மறந்தால் அடிப்படை சி லைப்ரரியே கிடைக்கவில்லை என்று லிங்கர் நிற்கும்.

இதைவிட நயமாக ஏமாற்றுவது சிம்பாலிக் லிங்க். பெட்டியில் சில லைப்ரரிகள் '/ஈடிசி/ஆல்டர்நேட்டிவ்ஸ்' போன்ற முழுப் பாதைக்குக் கைகாட்டி நிற்கும். நகலெடுத்த பிறகும் அந்தக் கை '/' என்றே காட்டும். இப்போது அந்த '/' உங்கள் லேப்டாப்புடையது! பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருக்காது, 'கேனாட் ஃபைண்ட்' வரும். ஏதாவது இருந்துவிட்டால் அது இன்டெல் லைப்ரரியாக இருக்கும். 'ஆர்சிங்க்'கில் '--காப்பி-அன்சேஃப்-லிங்க்ஸ்' சேர்த்தால், வெளியே கைகாட்டும் லிங்க்குகளுக்குப் பதில் உண்மையான ஃபைலே வந்து சேரும். இடம் கொஞ்சம் கூடும், நிம்மதி கிடைக்கும்.

செட்டிங் எல்லாம் ஒரே ஃபைலில்

பில்ட் வேலையை நடத்தும் கருவியாகச் சிமேக் பயன்படுத்துகிறீர்கள் என்றே வைத்துச் சொல்கிறேன். டூல்செயின் ஃபைல் ஒன்று எழுதுங்கள். 'சிமேக்_சிஸ்டம்_நேம்' லினக்ஸ். இந்த ஒரு வரி இருந்தால்தான் இது கிராஸ் கம்பைல் என்று சிமேக்குக்குத் தெரியும். 'சிமேக்_சிஸ்டம்_பிராசசர்' ஏஆர்ச்64. சி கம்பைலர், சி++ கம்பைலர் இரண்டுக்கும் 'ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு-' என்று தொடங்கும் முழுப்பெயர். சிஸ்ரூட் உண்டென்றால் 'சிமேக்_சிஸ்ரூட்'டில் அதன் பாதை. லிங்கருக்கென்று தனி வரி வேண்டாம். லிங்கர் புரோகிராமான 'எல்டி'யை நேரடியாகக் கூப்பிடாமல் ஜிசிசி வழியாகவே லிங்க் செய்யுங்கள். ஸ்டார்ட்அப் ஃபைல், லோடர் பாதை எல்லாவற்றையும் அது சரியாக எடுத்துக் கொடுக்கும்.

அப்புறம் நான்கு வரி, நான்கும் முக்கியம். 'சிமேக்_ஃபைண்ட்_ரூட்_பாத்_மோட்_' என்று தொடங்குபவை. 'புரோகிராம்' என்பதற்கு 'நெவர்'. 'லைப்ரரி', 'இன்க்ளூட்', 'பாக்கேஜ்' மூன்றுக்கும் 'ஒன்லி'. ஓட்ட வேண்டிய கருவிகளை லேப்டாப்பில் தேடு, சேர்க்க வேண்டியவற்றைச் சிஸ்ரூட்டில் மட்டும் தேடு என்பது இதன் பொருள். சிஸ்ரூட் இல்லாமல் கன்டெய்னர் வழியில் போகிறவர்கள் இந்த மூன்று 'ஒன்லி'யையும் போட வேண்டாம். அவர்களுடைய லைப்ரரி கன்டெய்னரின் சாதாரண இடத்திலேயே இருக்கிறது.

எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'பிகேஜி-கான்ஃபிக்' கருவி இந்த வரிகளுக்குக் கட்டுப்படாது. அதைத் தனியாகக் கட்ட வேண்டும். 'பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்' என்ற சூழல் மாறியில் சிஸ்ரூட்டுக்குள் இருக்கும் 'பிகேஜிகான்ஃபிக்' ஃபோல்டர்களையும், 'பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர்' என்பதில் சிஸ்ரூட்டையும் கொடுங்கள். இதே மாதிரி 'பிகேஜி_கான்ஃபிக்_பாத்' என்று ஒன்று உண்டு. அது வழக்கமான இடங்களோடு கூடுதலாகச் சேர்க்குமே தவிர லேப்டாப்பின் இடங்களை நீக்காது. ஆகவே அது போதாது.

டூல்செயின் ஃபைலை மாற்றினால் பில்ட் ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். முதல்முறை கண்டுபிடித்தவற்றைச் சிமேக் கேஷில் வைத்துக்கொள்ளும். நீங்கள் திருத்தியதை அது கண்டுகொள்ளாது. சிமேக் 3.24 முதல் '--ஃப்ரெஷ்' என்று கொடுத்தாலும் போதும். இன்னொன்று, என்றோ ஒருநாள் 'பாஷ்ஆர்சி'யில் எழுதிவைத்த 'எல்டிஃபிளாக்ஸ்' இருக்கிறதா என்றும் பாருங்கள். சிமேக் முதல் கான்ஃபிகரிலேயே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஃபிளாக்குகள்

பெரிய 'எல்' ஃபோல்டரைச் சொல்லும், சின்ன 'எல்' லைப்ரரியின் பெயரைச் சொல்லும். பெரிய 'எல்'லில் ஒருபோதும் லேப்டாப்பின் '/யூஎஸ்ஆர்/லிப்' வரக்கூடாது. வந்தால் 'ஸ்கிப்பிங் இன்கம்பாட்டிபிள்' என்று லிங்கர் தாண்டிப்போகும். அந்த வரியைக் கண்டால் எரிச்சல் வேண்டாம், அது நல்லது செய்கிறது. பயப்பட வேண்டியது லேப்டாப்பும் பெட்டியும் ஒரே இன்டெல் வகையாக இருக்கும்போது. வகை பொருந்துவதால் லிங்கர் ஒன்றும் சொல்லாமல் தவறான பதிப்பைச் சேர்த்துவிடும்.

வரிசை முக்கியம். லிங்கர் இடமிருந்து வலமாக ஒருமுறை நடக்கும். ஸ்டேட்டிக் லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் யார் எதைக் கேட்டிருக்கிறார்களோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு முன்னால் லைப்ரரியை வைத்தால், இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டு, பிறகு 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று புலம்பும். மேக்ஃபைலில் 'எல்டிஃபிளாக்ஸ்', 'எல்டிலிப்ஸ்' என்று இரண்டு இருப்பது இதற்காகத்தான். முதலாவது ஆப்ஜெக்டுக்கு முன்னால் வரும், இரண்டாவது பின்னால். சின்ன 'எல்' எல்லாம் இரண்டாவதில் இருக்கட்டும். சிமேக்கில் 'டார்கெட்_லிங்க்_லைப்ரரிஸ்' இதைப் பார்த்துக்கொள்ளும்.

'ஆர்பாத்', 'ஆர்பாத்-லிங்க்' இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 'ஆர்பாத்' புரோகிராமுக்குள்ளேயே எழுதப்படும். பெட்டியில் ஓடும்போது லோடர் அதைப் பார்த்து லைப்ரரியைத் தேடும். ஆகவே அதில் பெட்டியின் பாதைதான் வர வேண்டும். 'ஆர்பாத்-லிங்க்' லிங்க் ஆகும் நேரத்துக்கு மட்டும். நீங்கள் கேட்ட லைப்ரரிக்கு இன்னொரு லைப்ரரி தேவை, அது எங்கே என்று தெரியாமல் லிங்கர் தவித்தால், சிஸ்ரூட்டில் அது இருக்கும் ஃபோல்டரை இதில் காட்டுங்கள். இரண்டும் லிங்கருக்கானவை. ஜிசிசி வழியாகப் போகும்போது முன்னால் '-டபிள்யூஎல்,' ஒட்ட வேண்டும், நடுவே இடைவெளி கூடாது.

புரோகிராமும் அதன் லைப்ரரியும் ஒன்றாக ஒரே ஃபோல்டரில் போகிறது என்றால் 'ஆர்பாத்'தில் '$ஆரிஜின்' எழுதுங்கள். புரோகிராம் எங்கே இருக்கிறதோ அந்த இடம் என்று பொருள். மேக்ஃபைலில் டாலரை இரண்டாகப் போட்டு ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள், இல்லையென்றால் மேக்கோ ஷெல்லோ விழுங்கிவிடும். சிமேக் பில்ட் ஃபோல்டரிலிருந்து நேரே காப்பி செய்யாதீர்கள். அந்த ஃபைலின் 'ஆர்பாத்'தில் உங்கள் '/ஹோம்' பாதை இருக்கலாம். 'சிமேக் --இன்ஸ்டால்' செய்து, அங்கிருந்து எடுங்கள்.

லிங்க் ஆகிறதோ இல்லையோ, ஒருமுறை '-டபிள்யூஎல்,--ட்ரேஸ்' போட்டுப் பாருங்கள். லிங்கர் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஃபைலின் பாதையும் வரிசையாக வரும். அதில் 'எக்ஸ்86_64' என்று ஒரு வரி கண்ணில் பட்டாலும் செட்டிங்கில் ஓட்டை இருக்கிறது. எந்த விளக்கத்தைவிடவும் இந்தப் பட்டியல் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ரஸ்ட்டில் எழுதுகிறவர்கள் 'கார்கோ' கான்ஃபிக் ஃபைலில் அந்த டார்கெட்டுக்குக் கீழே 'லிங்கர்' என்ற வரியில் கிராஸ் ஜிசிசியின் பெயரைக் கொடுக்க வேண்டும். 'ரஸ்டப்' வழியாக டார்கெட்டை மட்டும் சேர்த்தால் லிங்கர் கூட வராது. கோ மொழியில் சி கோடு கலக்காதவரை இந்தக் கவலையே இல்லை. கலந்தால் 'சிகோ_எனேபிள்ட்' 1 ஆக வேண்டும், 'சிசி'யில் அதே கிராஸ் ஜிசிசி.

பஸ் ஏறுமுன்

ஃபைல் தயாரானதும் லேப்டாப்பிலேயே நான்கு சோதனை. 'ஃபைல்' கட்டளை வகையையும் லோடரையும் ஒரே வரியில் சொல்லும். 'ரீட்எல்ஃப் -டி' (சின்ன d) தேவைப்படும் லைப்ரரிகளையும் 'ரன்பாத்'தையும் (மேலே சொன்ன 'ஆர்பாத்' அங்கே வரும் பெயர்) காட்டும். அதில் '/ஹோம்' இருக்கக்கூடாது, காட்டும் ஒவ்வொரு லைப்ரரியும் பெட்டியில் இருக்க வேண்டும். 'ஆப்ஜ்டம்ப்' பெரிய 'டி'யோடு (T) ஓட்டி 'ஜிலிப்சி_' என்று தேடினால் எந்தப் பதிப்புகளைக் கேட்கிறது என்று தெரியும். எங்கள் பெட்டிக்கு அதில் மிகப் பெரியது 2.36-ஐத் தாண்டக்கூடாது. 'ஆப்ஜ்டம்ப்' மட்டும் 'ஏஆர்ச்64' முன்னொட்டு உள்ளதாக இருக்கட்டும். 'எல்டிடி'யை இங்கே நம்பாதீர்கள். லேப்டாப்பில் அது ஏஆர்எம் ஃபைலைப் பார்த்து டைனமிக் ஃபைலே இல்லை என்று சொல்லிவிடும்.

நான்காவது, ஏஆர்எம் புரோகிராமை லேப்டாப்பில் ஓட்டிக்காட்டும் 'க்யூஎம்யூ-ஏஆர்ச்64' வைத்து, பெரிய 'எல்' ஃபிளாக்கில் சிஸ்ரூட்டைக் கொடுத்து, லேப்டாப்பிலேயே ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். சென்சார் இருக்காது. ஆனாலும் லைப்ரரிகள் ஏறி, புரோகிராம் எழுந்து, "சென்சார் இல்லை" என்று தானே சொல்லி நின்றால் லிங்கர் வேலை முடிந்தது.

பெட்டியில் என்றைக்கு 'ஏபிடி அப்கிரேட்' ஓட்டுகிறீர்களோ அன்றைக்கே சிஸ்ரூட்டையும் மறுபடி 'ஆர்சிங்க்' செய்துவிடுங்கள். நான் இரண்டையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.